மூட்டுக்கு ஓய்வு, எலும்புக்கு இழப்பு

முடக்குவாதம் என்று மருத்துவர் உறுதிசெய்த நாள் முதல், வீட்டில் நோயாளியைச் சுற்றி அன்பினால் ஒரு வேலி எழுந்துவிடுகிறது. "வாளியைத் தூக்காதீங்கம்மா, படி ஏறாதீங்க, கடைக்கு நான் போய் வர்றேன்" என்று மகனும் மருமகளும் ஆளுக்கொரு வேலையை வாங்கிக்கொள்கிறார்கள். மீதமிருக்கும் நடையையும் பெங்களூரின் அடுக்குமாடி மின்தூக்கியும் வாசலுக்கே காய்கறி கொண்டுவரும் செயலிகளும் நிறுத்திவிடுகின்றன. இந்தப் பரிவை நாம் குறைகூறவில்லை. ஆனால் மூட்டைக் காப்பதற்காகத் தரப்படும் ஓய்வு எலும்பைக் கரைக்கிறது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வயதானபின் முழங்காலில் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் வேறு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையெனக் கருதித் தாக்குவதால் வருவது பின்னது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. குடும்பப் பொறுப்புகள் உச்சத்தில் இருக்கும் நடுவயதிலேயே பலரைப் பிடித்துக்கொள்கிறது. விரல் கணுக்கள் வீங்கும். காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கை மடங்காது.

இந்த நோய் மூட்டோடு நிற்பதில்லை. அழற்சியைப் பெருக்கும் புரதங்கள் எலும்பை அரிக்கும் செல்களையும் தூண்டிவிடுகின்றன. ஆகவே வீங்கிய விரலில் மட்டுமன்றி, வலியே இல்லாத இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைகிறது. நெடுநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரை அதை விரைவுபடுத்துகிறது. மாதவிடாய் நிற்பதும் சேர்ந்துகொள்கிறது. நான்காவது காரணம் அசையாதிருத்தல். முதல் மூன்றிலும் நோயாளி செய்யக்கூடியது குறைவு. நான்காவது பெரும்பாலும் அவர் கையில், சரியாகச் சொன்னால் அவர் வீட்டார் கையில் இருக்கிறது.

எலும்பு ஒருமுறை நட்டுவைத்த கல்தூண் அன்று. சுமை விழும் இடத்தில் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொண்டும், சுமை நீங்கிய இடத்தில் இளைத்துக்கொண்டும் இருக்கும் உயிர்த்திசு அது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே இதனை விதியாக வகுத்து எழுதினார். இதற்கு விண்வெளி வீரர்களைவிட நல்ல சான்று கிடையாது. எடையற்ற நிலையில் வாழும் அவர்களுடைய இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்திற்கு ஒரு விழுக்காடு அளவுக்குக் குறையக்கூடும் என்பதால், அங்கே நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம். 2025ஆம் ஆண்டு சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் நடத்திய சோதனைகளுள் ஒன்று எடையின்மையில் தசை மீண்டும் வளர்வதைப் பற்றியது. அதை வடிவமைத்தது நம் பெங்களூரின் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனம். நாற்காலியை விட்டு எழாமல் நாளைக் கழிப்பவர் தரையிலேயே சிறிதளவு எடையின்மையை அனுபவிக்கிறார் எனலாம்.

ஆனால் நோயுற்ற மூட்டின்மேல் சுமை ஏற்றலாமா? இந்த அச்சம் மருத்துவர்களுக்கும் நெடுங்காலம் இருந்தது. படுக்கை ஓய்வு சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. சுவீடனில் 1970களின் நடுவில் சிலர் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதுதான் அந்த எண்ணம் அசையத் தொடங்கியது. தெளிவான விடை நெதர்லாந்திலிருந்து வந்தது. அங்கு சுமார் 300 முடக்குவாத நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றதற்கு அத்துடன் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 75 நிமிடம், தீவிரமான பயிற்சி: மிதிவண்டி, தசைப்பயிற்சிச் சுற்று, குதித்து ஓடும் விளையாட்டு. இப்படி இரண்டு ஆண்டுகள்.

2003இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்தவர்களின் அன்றாடச் செயல்திறன் மேம்பட்டது. நோயின் வேகம் கூடவில்லை. அடுத்த ஆண்டு எலும்பைப் பற்றிய முடிவு வந்தது. பயிற்சி பெற்றோரின் இடுப்பெலும்பில் அடர்த்தி குறையும் வேகம் தணிந்திருந்தது. முதுகெலும்பில் அந்தப் பயன் காணப்படவில்லை. இன்னொன்றையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை: முன்பே பெரிய மூட்டுகள் மிகவும் சிதைந்திருந்தவர்களுக்குச் சேதம் சற்றுக் கூடியதாகத் தோன்றியது. எல்லாருக்கும் எல்லாப் பயிற்சியும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நேர்மையான எச்சரிக்கை தேவையில்லை. ஆயினும் மொத்தத்தில் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் ஐயமில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் அமைப்பு 2022இல் வகுத்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, உணவு முதலியவை குறித்து 28 பரிந்துரைகள் உள்ளன. அவற்றுள் உறுதியானது என்று முத்திரை பெற்றது ஒன்றே ஒன்று: தொடர்ந்து உடற்பயிற்சி செய்தல். சமூக ஊடகங்களில் உலாவும் பத்திய முறைகளுள் எதற்கும் அந்தத் தகுதி கிடைக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பெங்களூருக்கும் இந்த ஆராய்ச்சியில் இடமுண்டு. இங்குள்ள விவேகானந்த யோகா ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் முடக்குவாத நோயாளிகளின் கைப்பிடி வலிமையை யோகப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து, அது கூடியிருப்பதாக 2001இல் வெளியிட்டனர். கைப்பிடி என்பது அற்பமான அளவுகோல் அன்று. குழாயைத் திருகவும் ஊறுகாய்ச் சாடியைத் திறக்கவும் பேருந்துக் கம்பியைப் பிடிக்கவும் அதுதான் வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கும் இந்நகரில் 250 பேரைக் கொண்ட ஆய்வு நடந்து, பயிற்சியோடு யோகமும் சேர்ந்தபோது வலியும் இறுக்கமும் கூடுதலாகக் குறைந்ததாக 2012இல் அறிவிக்கப்பட்டது. தில்லி எய்ம்ஸ் 72 முடக்குவாத நோயாளிகளிடம் எட்டு வாரம் நடத்திய யோக ஆய்வில் அழற்சியோடு மனச்சோர்வும் தணிந்தது.

இவை மகிழ்ச்சி தரும் செய்திகளே. எனினும் இவற்றில் அளக்கப்பட்டவை வலி, வலிமை, அழற்சி போன்றவை. எலும்பின் அடர்த்தி அன்று. எலும்பு மெதுவாகவே மாறுவது. சில வாரங்களில் அதன் கணக்குத் தெரியாது. வலி தணிந்து உடல்மீது நம்பிக்கை பிறக்க யோகம் உதவுகிறது என்பதை ஏற்கிறோம். எலும்புக்கு அது மட்டும் போதும் என்று சொல்வதை ஏற்கத் தயங்குகிறோம். எடையைத் தாங்கும் பயிற்சியும் சேர வேண்டும். இந்திய அறிவியல் கழகமும் புனித ஜான் மருத்துவக் கல்லூரியும் யோகப் பல்கலைக்கழகமும் ஒரே நகரில் இருக்கையில், நெதர்லாந்தைப் போல இரண்டு ஆண்டு நீளும் ஆய்வை இங்கே நடத்தக் கூடாதா? நம் பெண்கள் தரையில் சம்மணமிட்டு அமர்கிறார்கள், கையூன்றாமல் எழுகிறார்கள், குனிந்து கோலமிடுகிறார்கள். இவற்றில் எது எலும்பை வளர்க்கிறது, எது மூட்டை வருத்துகிறது என்பதை வெளிநாட்டு மிதிவண்டி நமக்குச் சொல்லாது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் எந்த நாள், எத்தனை மில்லிகிராம் என்று எழுதித் தரும் மருத்துவச் சீட்டில், உடற்பயிற்சி மட்டும் "கொஞ்சம் நடங்க" என்ற வாய்மொழியாகவே இருக்கிறது. அளவில்லாத மருந்தை யாரும் உண்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல் எத்தனை முறை, வாரத்தில் எத்தனை நாள், எப்போது கூட்டுவது, எந்த அறிகுறி கண்டால் நிறுத்துவது என்று பிசியோதெரபிஸ்ட் எழுத்தில் தர வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கும் நாள்களில் அதன்மீது சுமை கூடாது. அந்த ஓய்வு நியாயமானது. வீக்கம் வடிந்தபின்னும் அதே ஓய்வு மாதக்கணக்கில் நீள்வதைத்தான் மறுக்கிறோம். கழுத்துவலியோ கை மரத்துப்போதலோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கலாகாது. ஸ்டீராய்டு உட்கொள்வோர் டெக்ஸா எனப்படும் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்தும் வைட்டமின் டி குறித்தும் அப்போதே கேட்டுக்கொள்வது நலம். சுண்ணாம்புச் சத்துக்குக் கர்நாடகத்தில் கவலையில்லை: நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, களியாக உண்டாலும் சரி, கூழாகக் குடித்தாலும் சரி.

நகரமும் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. லால்பாக்கில் விடியற்காலையில் நடப்போரைப் பார்த்து ஏங்கும் முடக்குவாத நோயாளிக்கு அந்த நேரம் பயன்படாது; இறுக்கம் தளர முற்பகல் ஆகிவிடும். மாநகராட்சிப் பூங்காக்களோ அந்த நேரம் பார்த்துப் பூட்டப்பட்டு வந்தன. காலை 5 மணி முதல் இரவு 10 மணி வரை அவை திறந்திருக்க வேண்டும் என்று 2024இல் உத்தரவு வந்தது. நோயாளிகளை நினைத்து இட்ட உத்தரவாக இல்லாதிருக்கலாம். ஆனாலும் அவர்களுக்கே அதிகம் உதவும்.

காப்பீடு இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் படுத்தால் அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கிறது. முறியாமலிருக்கப் பிசியோதெரபிஸ்டிடம் செல்லும் செலவு பெரும்பாலும் சொந்தப் பையிலிருந்தே போகிறது. புறநோயாளிச் செலவைச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. பாலிசியைப் புதுப்பிக்கையில், அதில் பிசியோதெரபி அடங்குமா, ஆண்டுக்கு எத்தனை அமர்வுகள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பு 2024இல் நான்கு ஆண்டுகளிலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டுள்ளது. விண்ணப்பத்தில் முடக்குவாதத்தை மறைக்காமல் குறிப்பிட்டவர்களுக்கே அந்தச் சலுகை பயன்படும்.