காகித அணியில் எத்தனை ரைடர்?

சடுகுடு ஆட்டத்தில் எதிரியின் கோட்டைக்குள் பாடிப் போகிறவரை இப்போது 'ரைடர்' என்கிறார்கள். கூட்டம் கை தட்டுவது அவருக்குத்தான். மாலை விழுவதும் அவர் கழுத்தில்தான்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கோடு கிழித்து ஆடும் பையன்களைப் பாருங்கள். "நான்தான் ரைடர்!" என்று எல்லோரும் முந்துகிறார்கள். மூலையில் நின்று காலைப் பிடிக்க ஒருவரும் முந்துவதில்லை. பிடிக்கிற வேலை, வயதில் சின்னப் பையன் தலையில் விழுகிறது.

இதே சண்டை இப்போது வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது. காகித அணியில் எத்தனை ரைடர் வைக்கலாம் என்பதுதான் சண்டை.

காகித அணி என்றால் என்ன?

புரோ கபடி போட்டியில் 12 அணிகள் ஆடுகின்றன. ரசிகர் ஒருவர் அந்த 12 அணிகளிலிருந்தும் தமக்குப் பிடித்த 7 பேரைப் பொறுக்கி, ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்கிறார். அதுவே அவருடைய அணி. அந்த ஏழு பேரும் உண்மையான ஆட்டத்தில் எடுக்கும் புள்ளிகள் அவர் கணக்கில் ஏறும். அதிகப் புள்ளி சேர்த்தவருக்கு வெற்றி.

இதைப் பணம் கட்டிக் கைப்பேசியில் ஆடியவர்கள் உண்டு. பணத்தை விட்டவர்களும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடை போட்டது. நல்லதுதான்! தாளும் பென்சிலும் வைத்து வீட்டில் ஆடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தோற்றவர் ஜெயித்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

சம்பந்தி வீட்டுச் சண்டை

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளைக்கு ஊர் பெரம்பலூர். வெங்காயம் போடுகிறவர். மச்சானுக்கு ஊர் அரியலூர். சிமெண்டு ஆலையில் வேலை. இரண்டு ஊரும் ஒரே மாவட்டமாக இருந்தன. 2001-இல் பிரிந்தன, 2002-இல் சேர்ந்தன, 2007-இல் மறுபடி பிரிந்தன. மாப்பிள்ளையும் மச்சானும் அதே மாதிரிதான். ஆட்டம் தொடங்கினால் பிரிவார்கள். சாப்பாட்டு நேரத்தில் சேருவார்கள்.

"மாப்பிள்ளே, நல்ல ரைடர் மூணு பேரையும் நீங்களே அள்ளிக்கிட்டா நாங்க என்ன பண்றது?" என்கிறார் மச்சான்.

"விதியிலே இத்தனை பேர்தான்னு எங்கே மச்சான் எழுதியிருக்கு?" என்கிறார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை கேட்பது சரியான கேள்வி. எழுதாததுதான் தப்பு.

பத்தும் ஐந்தும்

ரைடருக்கு ஏன் இத்தனை கிராக்கி? ஒரு ஆட்டத்தில் ரைடர் 10 புள்ளி எடுத்தால் அதற்குச் 'சூப்பர் 10' என்று பெயர். பிடிப்பவர் 5 புள்ளி எடுத்தாலே 'ஹை 5' என்று புகழ்கிறார்கள். பெயரிலேயே கணக்குத் தெரிகிறது அல்லவா? பிடிப்பவரின் பெரிய நாள், ரைடருடைய பெரிய நாளில் பாதிதான்.

பாட்னா அணியின் பர்தீப் நர்வால் 2017-இல் ஒரே தொடரில் 369 ரைடு புள்ளி எடுத்தார். அப்படிப்பட்ட ஒருவரைத் தாளில் எழுதியவர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 'இஷ்டம் போல் ரைடர் வைக்கலாம்' என்று விட்டால் என்ன ஆகும்? ஏழு இடத்திலும் ரைடர்தான். பிடிக்கிற ஆளின் பெயரை ஒருவரும் எழுத மாட்டார்கள். அது சடுகுடு ஆகாது. கணக்குப் பிள்ளை வேலை ஆகும்.

ஒருவரை மட்டும் நம்பினால்?

"அப்படியானால் அணிக்கு ஒரே ரைடர் என்று வைத்துவிடலாமே" என்பது இன்னொரு கட்சி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 2022-இல் நடந்ததை மறந்துவிடக் கூடாது.

அந்த ஆண்டு ஏலத்தில் ஒவ்வொரு அணியும் செலவழிக்கலாம் என்று வைத்த மொத்தத் தொகை 4 கோடியே 40 லட்சம் ரூபாய். தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற ஒரே ரைடருக்கு 2 கோடியே 26 லட்சம் கொடுத்தது. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! அக்டோபரில் முதல் ஆட்டம். குஜராத் ஜெயண்ட்ஸ் எதிரணி. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பவனுக்கு முழங்காலில் அடி. தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தொடரில் அவர் மறுபடி ஆடவே இல்லை.

தலைவாஸ் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் போனான். 200-க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தான். அதுவரை அரையிறுதியையே பார்த்திராத அணி, அந்த டிசம்பரில் அரையிறுதி ஆடியது. புனேரி பல்தானிடம் இரண்டே புள்ளியில்தான் தோற்றது.

மாற்று ஆள் கையில் இருந்ததால் தலைவாஸ் பிழைத்தது. காகித அணியில் பவனை மட்டும் எழுதி, வேறு ரைடர் கூடாது என்று விதி வைத்திருந்தவர் முதல் நாளே தாளைக் கிழித்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவிலும் இதே வம்பு

காகித அணி ஆட்டத்தை 1963-இல் ஓக்லண்டு நகரத்தில் எட்டு அணிகளாக ஆடத் தொடங்கினார்கள். அது அமெரிக்கக் கால்பந்து. அங்கே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் 'குவார்ட்டர்பேக்'. நம் ரைடர் போலப் புள்ளியை வாரிக் கொட்டுகிறவர். காகித அணியில் அவரை ஒருவராக வைப்பதா, இருவராக வைப்பதா என்று அந்த நாட்டு ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அங்கே உண்மையான அணிகள் 32. களத்தில் அணிக்கு ஒரு குவார்ட்டர்பேக். பன்னிரண்டு பேர் கூடி ஆடும்போது ஆளுக்கு மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம் என்றால் 36 பேர் வேண்டும். எங்கே போவது?

எட்டு வீட்டுக் கணக்கு

அதே கணக்கை நம் திண்ணையில் போடலாம். 12 அணிகளில் நம்பி எழுதக்கூடிய ரைடர் அணிக்கு இருவர் என்று வைத்தால் 24 பேர். மாப்பிள்ளை, மச்சான், சித்தப்பா, பெரியம்மா மகன் என்று எட்டு வீடு ஆடுகிறது. வீட்டுக்கு மூன்று ரைடர் என்றால் 24-ம் தீர்ந்தது. யாருக்காவது அடிபட்டால் மாற்று ஆள் இல்லை. வீட்டுக்கு இரண்டு என்றால் 16 போக, 8 பேர் வெளியே நிற்பார்கள். அடிபட்டவருக்குப் பதிலாக அந்த எட்டிலிருந்து ஒருவரை எடுக்கலாம். புதுப் பையனைப் பார்த்து வைத்தவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும்!

ஆகவே இரண்டுதான் சரி. "நிஜ ஆட்டத்தில் மூன்று பேர் பாடிப் போகிறார்களே" என்று கேட்பவர் உண்டு. கேட்பது உண்மைதான். ஆனால் மூன்றாவது ஆள் பல நேரம் முப்பது விநாடியைக் கழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர். அவருக்காக ஓர் இடத்தைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

மீதி ஐந்து இடத்தில் நாலு பேர் பிடிப்பவராக இருக்க வேண்டும். இரண்டு மூலை, இரண்டு கவர். களத்திலும் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கிறார்கள். இந்த நாலு பேர் விதியில்தான் விஷயமே இருக்கிறது. எழுதியே தீர வேண்டும் என்றால்தான் பிடிப்பவர் பெயரைத் தேடுவார்கள். பெயர் தெரிந்தால்தான் ஆட்டத்தில் கண் அவர் மேல் போகும்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் பிறந்தவர் தர்மராஜ் சேரலாதன். பிடிப்பவர். 2016-இல் பாட்னா அணி கோப்பை வாங்கியபோது தலைவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! அதே அணியில் ஆடிய பர்தீப்பின் பெயரைச் சொல்லும் பையன்களில் எத்தனை பேர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர் பெயரைச் சொல்வார்கள்? ரைடரையே எழுதி எழுதிப் பழகினால் இப்படித்தான் ஆகும். வயலில் மூலையில் நிற்கிற சின்னப் பையனும், தான் தண்டனைக்கு நிற்கிறோம் என்றே நினைப்பான்.

ஏழாவது இடம் இரண்டும் தெரிந்த ஆல்ரவுண்டருக்கு. இங்கேதான் மாப்பிள்ளை தந்திரம் செய்வார். பாடிப் போவதே தொழிலாக உள்ள ஒருவரைக் காட்டி, "இவர் ஒரு தடவை காலைப் பிடிச்சார், நானே பார்த்தேன், இவரும் ஆல்ரவுண்டர்தான்" என்பார். மூன்றாவது ரைடர் கொல்லைப்புற வழியாக உள்ளே வருவது இப்படித்தான். ஆட்டம் தொடங்குமுன் அணிகள் வெளியிடும் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறதோ, அதுதான் கணக்கு. நடுவில் மாற்றக் கூடாது. கேட்பவர் வீட்டு மாப்பிள்ளையே ஆனாலும் சரி.