பிரதம அதிதி ஸ்மாஷ் அடிக்கவில்லை

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்து கிரவுண்டில் கரப்பந்துப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை. ஃபைனலில் கடைசி ரெண்டு பாயிண்டையும் அடிச்சு எடுத்த தம்பியோட அம்மா அன்றைக்குக் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் லயத்து வாசலில் எங்களைப் பிடிச்சு, "எம்மவன் அடிச்சதக் காட்டுங்க தம்பி" என்றார். எங்கள் ஐந்து போனிலும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம் படம். மாலை போடுறது, விளக்கேத்துறது, ரிப்பன் வெட்டுறது, பொன்னாடை, கப் கொடுக்கிறது, அதே கப்பைத் திரும்ப வாங்கி இன்னொரு தடவை கொடுக்கிறது (முதல் தடவை யாரோ கண்ணை மூடிட்டாங்களாம்). அவன் அடிச்சது? ஒன்றே ஒன்று இருந்தது. மங்கலாக ஒரு முதுகு. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது அவந்தானா?" என்று கேட்டார்.

அதனால் இந்தச் சண்டையை எங்களோடேயே ஆரம்பிக்கிறோம்.

"ஜெர்சி வாங்கிக் கொடுத்தவரை எடுக்காம விட்டா அடுத்த வருசம் தருவாரா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ரெண்டு படம் எடுங்க. நாற்பது எதுக்கு? பேஸ்புக்கில் போய்ப் பாருங்கள், நம்ம தோட்டங்களில் நடக்கிற போட்டிகளின் படங்களை. என்ன விளையாட்டு நடந்தது என்றே பல ஆல்பத்தில் கண்டுபிடிக்க முடியாது.

நம்ம ஆட்கள் கேமராவுக்கு முன்னால் அசையாமல் நிற்பது இன்றைக்கு நேற்றைக்கு இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பேர்போன ஆங்கிலப் புகைப்படக்காரி 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். தோட்டத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார்; கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவருடைய கண்ணாடித் தட்டில் உருவம் விழ, எதிரில் இருப்பவர் சில நேரம் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல் இருக்கணும். அந்தக் காலத்து ரசாயனம் அப்படி, அதை விடுவோம். ஆனால் அதே நாட்களில், 1878இல், கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் 12 கேமராவை வரிசையாக வச்சு, பாய்கிற குதிரையைப் பிடிச்சுட்டார். நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புது என்று உலகத்துக்குக் காட்டினார். அப்புறம் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு போயாச்சு. மலையகம் என்றால் இன்னும் கூடையோடு நிற்கிற அம்மா படம்தான், தேயிலைப் பெட்டியிலிருந்து ஹோட்டல் சுவர் வரைக்கும். அதுக்காக டூரிஸ்ட்காரனைத் திட்டுகிறோம். திட்டிட்டு, நம்ம தம்பிகளை நாங்களே வரிசையாய் நிக்க வச்சு, கையைக் கட்டச் சொல்லி எடுக்கிறோம்.

அடுத்த சாக்கு, "நல்ல கேமரா இல்ல அண்ணே." 1965 மே 25, அமெரிக்காவில் லூயிஸ்டன் என்ற ஊர். முதல் ரவுண்டிலேயே விழுந்து கிடக்கிற லிஸ்டனுக்கு மேலே நின்று முகமது அலி கத்துகிற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை எடுத்த நீல் லைஃபருக்கு அப்போது வயது 22. படத்தை உற்றுப் பாருங்கள், அலியின் கால்களுக்கு நடுவில் இன்னொரு புகைப்படக்காரர் தெரிவார். லைஃபரை விட அனுபவசாலி, கையில் நல்ல கேமரா. அவருக்குக் கிடைச்சது அலியின் முதுகு. எங்களுக்குக் கிடைச்ச மாதிரியே.

ஆக முதலில் இடத்தை மாத்தணும். ஸ்மாஷ் அடிக்கிறவனின் டீம் பக்கம் உட்கார்ந்தால் முதுகுதான் வரும். எதிர் டீமின் கோர்ட் மூலைக்குப் பின்னால் போங்க. நெட்டுக்கு மேலே முகம், கை, பந்து மூன்றும் வரும். ஓட்டப் போட்டியா, முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் ஓடி வருகிறவர்களைப் பார்த்துக் குந்துங்க. முரளிதரன் பந்து போடுகிற படங்களில் நம்மைப் பிடிச்சு இழுப்பது அந்த உருண்ட கண்கள். முகம் இல்லாத படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பீங்க?

பிறகு வெளிச்சம். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் போன் தானாகவே ஷட்டரை 1/60 நொடிக்குத் திறந்து வைக்கும். அதற்குள் அடிக்கிற கை ஒரு சாண் நகர்ந்திடும். முழுக் கையும் புகை மாதிரி வருவது அதனால்தான். புரோ மோட் இருந்தால் 1/1000 வையுங்கள், ஐஎஸ்ஓவை ஏத்துங்கள். படம் கொஞ்சம் சொரசொரப்பாக வரும், வரட்டும். ரொம்ப இருட்டென்றால் தாவலின் உச்சிக்குக் காத்திருங்கள். ஏறுகிற உடம்பு இறங்குவதற்கு முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும், அங்கே 1/250 கூடப் போதும். ஆனால் நிற்கிறதைப் பார்த்துட்டு அமுக்கினால் பிந்திடும், கால் தரையை விடும்போதே அமுக்கணும். எப்போது தாவுவான் என்று தெரியணும் என்றால் ஆட்டம் தெரியணும். எங்களில் பாதிப் பேர் ஸ்கோர் கூடப் பார்ப்பதில்லை.

ஜூமை இழுக்காதீங்க, காலால் நடந்து கிட்டப் போங்க. பின்னணியில் ஷாமியானாவும் பிளாஸ்டிக் கதிரையும் வேண்டாம், நம்ம தேயிலை மலை இருக்கே.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லணும். பெண் பிள்ளைகள் விளையாடும்போது தரையோடு படுத்துக் கோணம் தேடாதீங்க. எடுக்க முன்னம் கேளுங்க, போட முன்னம் காட்டுங்க. தங்கச்சிமார் பலர் கிரவுண்டுக்கே வராமல் போறதுக்கு நம்ம போன்களும் ஒரு காரணம்.

அடுத்த மேட்சுக்கு மேடைப் பக்கம் ஒருத்தர் போதும். மிச்சப் பேர் நெட்டுக்கு அந்தப் பக்கம் வாங்க, லென்ஸைத் துடைச்சுட்டு வாங்க. அந்தத் தம்பி திரும்பவும் விளையாடுகிறான். ஞாயிறு என்பதால் அவனுடைய அம்மா அன்றைக்கும் மலையில்தான் இருப்பார்.