பழைய எஞ்சினில் ஒரு துளை



அமெரிக்காவில் பள்ளிகள் திறந்துவிட்டன. மகன், மகள் வீட்டுக்குப் போயிருக்கும் நம் வாசகர்கள் பலர் இந்நேரம் காலையில் பேரன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் மஞ்சள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். பஸ் வந்து நிற்கும். சிவப்பு விளக்குகள் மின்னும். பக்கவாட்டில் ‘ஸ்டாப்’ பலகை விரியும். கார்கள் அப்படியே நின்றுவிடும். ஒரு குழந்தை தெருவைக் கடப்பதற்கு அங்கே கிடைக்கும் மரியாதையைச் சொல்லி மாய்ந்து போகாதவர்கள் குறைவு. அதே பஸ்ஸின் புகையைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்த நாட்டில் ஏறக்குறைய 5 லட்சம் பள்ளி பஸ்கள் ஓடுகின்றன. சுமார் 2.5 கோடிக் குழந்தைகள் அவற்றில் போய் வருகிறார்கள். பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசல் எஞ்சின் லேசில் சாகாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20, 25 வருடம்கூட உழைக்கும். சிக்கலே அங்கேதான். 2007ஆம் ஆண்டு மாடலிலிருந்து புதிய எஞ்சின்களுக்கு அரசு விதித்த வரம்பு, கரித்தூளைப் பழைய அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் விற்ற வண்டியை அந்த விதி தொடாது. அது பாட்டுக்குப் புகை கக்கிக்கொண்டு ஓடும்.

புகை வெளியேதானே போகிறது என்று கேட்கலாம். பழைய பஸ்ஸில் அது உள்ளேயும் வருகிறது. போனட்டுக்கு அடியில் எஞ்சினின் கிராங்க்கேஸிலிருந்து வெளியேறும் ஆவி முன்பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறக்கும்போது அது குழந்தைகளோடு சேர்ந்து பஸ்ஸில் ஏறிவிடும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் ஐயத்துக்கு இடமில்லாமல் அறிவித்துவிட்டது.

இதற்கு வழி தேடியவர்கள் இரண்டு செனட்டர்கள். ஒஹாயோவின் ஜார்ஜ் வொய்னோவிச் குடியரசுக் கட்சிக்காரர். டெலவேரின் டாம் கார்ப்பர் ஜனநாயகக் கட்சிக்காரர். இருவரும் சேர்ந்து கொண்டுவந்த டீசல் மாசுக் குறைப்புத் திட்டம் 2005ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டத்தின் ஒரு பகுதியாக நிறைவேறியது. அதில் பின்னால் செய்த திருத்தம் ஒன்று ரிபேட்டுக்கு, அதாவது வாங்கிய விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதற்கு, வழிவிட்டது. 2012இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பள்ளி பஸ்களுக்கு முதல் ரிபேட்டை அறிவித்தது. பக்கம் பக்கமாக எழுதும் மானிய விண்ணப்பம் வேண்டாம், எளிய படிவம் போதும் என்றார்கள். எழுதிக் கொடுக்க ஆளில்லாத சின்ன ஊர்ப் பள்ளிகளுக்கு அதுவே பெரிய உதவி. தேர்வானால் பள்ளி நிர்வாகம் புது பஸ் வாங்கிக் கணக்கு காட்ட வேண்டும். பல சுற்றுகளில் ஒரு பஸ்ஸுக்கு 15,000 முதல் 25,000 டாலர் வரை திரும்பக் கிடைத்தது.

பணம் வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான். பழைய பஸ்ஸை விற்கக் கூடாது. எஞ்சின் பிளாக்கில் மூன்று அங்குலத் துளை போட வேண்டும். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் குறுக்கே அறுத்துவிட வேண்டும். துளை போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டியை இப்படிச் சிதைக்க மனசு வராதுதான். ஆனால் விற்றிருந்தால் என்ன ஆகும்? அமெரிக்கப் பள்ளிகள் கழித்துக்கட்டிய பஸ்கள் வண்ணம் பூசிக்கொண்டு குவாதமாலாவின் மலைச்சாலைகளில் பயணிகளை ஏற்றிக்கொண்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். நம் குழந்தை விடுபட்ட புகையை இன்னொரு ஊர்க் குழந்தையின் மூக்குக்கு அனுப்பிவைப்பதற்கு அரசு காசு கொடுக்கக் கூடாது. அந்தத் துளை இல்லாவிட்டால் இது வெறும் வாகன விற்பனைச் சலுகையாகப் போயிருக்கும்.

ரிபேட் கேட்டவர்கள் அதிகம், பணம் குறைவு. அதனால் குலுக்கல் போட்டார்கள். எந்த ஊர்க் குழந்தை நல்ல காற்றை இழுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இருந்தாலும் அதனால் ஒரு நன்மை விளைந்தது. குலுக்கலில் வென்ற ஊர்களையும் தோற்ற ஊர்களையும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வின்படி, 2012 முதல் 2017 வரை கொடுத்த ரிபேட்டால் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் வருகை நாட்கள் கூடியிருக்கின்றன. மிகப் பழைய பஸ்களை மாற்றிய இடங்களில்தான் பலன் மிக அதிகம். புகை குறைந்தால் இருமல் குறைகிறது, இருமல் குறைந்தால் குழந்தை பள்ளிக்குப் போகிறது. இதைத் தாய்மார்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். அரசுக்கு எண் வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது.

2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலரை இதே வேலைக்கு ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் 2022இல் நடந்த முதல் ரிபேட் சுற்றில் வறிய, கிராமப்புற, பழங்குடிப் பகுதிகளுக்கு முன்னுரிமை தந்தார்கள். 389 பள்ளி மாவட்டங்கள் தேர்வாயின. வாங்கவிருந்த பஸ்களில் பெரும்பாலானவை மின்சார பஸ்கள். மின்சார பஸ்ஸின் விலை டீசல் பஸ்ஸைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்தப் பணத்தில் பழைய டீசலை ஒழித்து நல்ல புது டீசல் வாங்கியிருந்தால் இன்னும் அதிகமான ஊர்களுக்குப் போயிருக்குமே என்ற கேள்வி நியாயமானதுதான். நான் வேண்டுவது இதுதான்: எதை வாங்கினாலும் முதல் துளை ஊரிலேயே வயதான எஞ்சினில் விழ வேண்டும்.

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நம் பிள்ளைகள் ஏறும் பஸ்களில் 2007க்கு முந்தைய எஞ்சின் எத்தனை, அவற்றை மாற்ற அரசிடம் விண்ணப்பித்தீர்களா என்று கேளுங்கள். கிடைத்த பதிலை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்