சாம்பலுக்கு வழி எங்கே?

விறகடுப்பு மூட்டுகிற தாய் விடிந்ததும் முதலில் செய்வது என்ன? நேற்றைய சாம்பலை அள்ளுவது. அள்ளாத அடுப்பில் காற்று ஓடாது, நெருப்பு பிடிக்காது, புகைதான் மிஞ்சும். எழுத்தறியாத மூதாட்டிக்கும் தெரிந்த இந்தச் சேதி, கோடி கோடியாகக் கொட்டி அனல் மின்நிலையம் கட்டுகிற ஆளவந்தார்களுக்கு மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. அடிக்கல் நாட்டு விழாவிலே மெகாவாட் முழங்குகிறது, மாலைகள் குவிகின்றன. அந்த மேடையில் நின்று சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிய அமைச்சரை நாம் இதுவரை கண்டதில்லை.

சாம்பல் என்ன, அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக்கு அழைக்கிறோம். ஒகையோ ஆற்றங்கரையில் பிரில்லியண்ட் என்றோர் ஊர். அங்கே டிட் என்ற பழைய மின்நிலையத்தில், 70 மெகாவாட் அளவில் புதுமாதிரி உலை ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் நிறுவனம் நடத்தியது. அந்நாட்டு அரசும் பணம் போட்டது. 1990-ஆம் ஆண்டு இறுதியில் நிலக்கரி எரியத் தொடங்கியது. 1995 மார்ச்சில் சோதனை முடிந்தது.

அந்த உலையின் விந்தையைச் சொல்லவேண்டும். மாபெரும் இரும்புக் கலம். அதற்குள்ளே, வெளிக்காற்றைப்போல் சுமார் பன்னிரண்டு மடங்கு அழுத்தம். அடியிலிருந்து காற்று பீறிட, சாம்பலும் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த படுகை, கொதிக்கும் கஞ்சிபோல் புரள்கிறது. அந்தப் புரளலிலே நிலக்கரி எரிகிறது. கரியிலுள்ள கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. வெளிவரும் சூடான வாயு, தானே ஒரு டர்பைனைச் சுழற்றுகிறது, நீராவி இன்னொன்றை. ஒரே நெருப்புக்கு இரட்டை வேலை!

கேட்க இனிக்கிறது. ஆனால் சாம்பல்? கந்தகத்தைப் பிடித்த சுண்ணாம்பும் சேர்ந்துகொள்வதால் அது கரியின் சாம்பலைவிடக் கூடுதல். பன்னிரண்டு மடங்கு அழுத்தமும், எண்ணூறு டிகிரிக்கு மேற்பட்ட சூடும் உள்ள கலத்திலிருந்து அதை வெளியே கொண்டுவர வேண்டும். கதவைத் திறந்து கூடையில் அள்ளுகிற காரியமா அது? படுகையின் சாம்பலுக்கு மேலும் கீழும் வால்வு வைத்த தொட்டிகள். மேல்வால்வு திறந்து நிரப்பி, அதை மூடி, அழுத்தத்தை இறக்கி, பிறகுதான் கீழ்வால்வைத் திறக்கவேண்டும். வாயுவோடு பறக்கும் நுண்சாம்பலைச் சுழற்றிப் பிரிக்க சைக்ளோன் கூம்புகள். அவற்றிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் குழாய்கள். ஒவ்வொரு வளைவிலும் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் ஏற்பாடு. தொடக்க நாள்களில் அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. படுகையிலேயே சாம்பல் உருகிக் கட்டிபட்டது.

இன்னொரு சோதனையையும் அங்கே செய்தார்கள். வாயுவில் ஏழில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, மெழுகுவர்த்தி வடிவில் நிற்கும் 384 பீங்கான் போன்ற குழல்கள் வழியே வடிகட்டினார்கள். குழலுக்கும் குழலுக்கும் இடையே சாம்பல் பாலம் கட்டியது. பாலம் இறுகித் தள்ள, குழல்கள் ஒடிந்தன. பரிகாரம் என்ன தெரியுமா? வடிகட்டிக்கு முன்னால் இருந்த சைக்ளோனின் வேலையைக் குறைத்துவிட்டார்கள்! முன்பு மாவுபோல் மெல்லிய தூள் மட்டும் வந்து அப்பியது; இப்போது பருமனான சாம்பலும் கலந்து வர, அப்பியது உதிர்ந்து விழுந்தது. அதிகமாகச் சலித்ததுதான் அங்கே தொல்லை. காகிதத்தில் எவ்வளவு கணக்குப் போட்டாலும், சாம்பலை ஓடவிட்டுப் பார்க்காமல் இது தெரியவே தெரியாது.

இன்னும் ஒன்று. சுண்ணாம்பு கலந்த அந்தச் சாம்பலில் தண்ணீர் பட்டால் சிமெண்டுபோல் இறுகும். குழம்பாக்கிக் குழாயில் தள்ளிவிடுகிற நம்மூர் வழக்கம் அங்கே செல்லாது. ஆகவே உலர்ந்தபடியே எடுத்தார்கள். சுரங்கம் தோண்டிப் பாழான, புளிப்பேறிய நிலத்தைத் திருத்த அது உதவுமா என்று ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். அந்த உலை வணிகத்தில் பெரிதாகப் பரவவில்லை என்பது உண்மைதான். ஆயினும் எது அடைத்தது, எது ஒடிந்தது, ஏன் ஒடிந்தது என்று தங்கள் தோல்விகளை ஒளிக்காமல் எழுதி ஊரறிய வைத்தார்களே, அந்தப் பொறியாளர்களை நாம் மதிக்கிறோம்.

இங்கே என்ன நிலை? உலை வேறுதான், நம் நாட்டில் பெரும்பாலும் கரியைப் பொடியாக்கி எரிக்கும் பழைய வகை. ஆனால் நம் கரியில் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பங்குவரை சாம்பல். 500 மெகாவாட் நிலையம் முழுவீச்சில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 7,000 டன் கரி. அதில் ஏறத்தாழ 2,500 டன் சாம்பல்! ஒருநாள் வழி அடைத்தால் என்ன ஆகும்?

ஆனதைச் சொல்கிறோம். உத்தரப் பிரதேசத்தில் உஞ்சாஹார். 2017 நவம்பர் 1. புதிதாக ஓடத் தொடங்கியிருந்த 500 மெகாவாட் உலையின் அடியிலே சாம்பல் கட்டிபட்டு அடைத்துக்கொண்டது. உலை எரிந்துகொண்டிருக்கையிலேயே அடைப்பை நீக்கும் வேலையும் நடந்தது. வெடித்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பாய்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். உலையை நிறுத்தினால் உற்பத்திக் கணக்குக் குறையும், நிறுத்தாவிட்டால்? கம்பியால் குத்துகிறவன் கையில் அந்தக் கேள்வியை விடுவது என்ன நியாயம்?

எண்ணூருக்கு வருவோம். வடசென்னை அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழம்பாகக் குழாயில் ஏறிச் செப்பாக்கம் குட்டைக்குப் போகவேண்டும். வழியிலே குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலை, அங்கே இறாலுக்கும் மீனுக்கும் வலை வீசுகிற மக்கள் ஆண்டுக்கணக்கில் காட்டிக் காட்டி அலுத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். சாம்பலைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று மத்திய அரசு 1999-லேயே ஆணையிட்டது. 2021 டிசம்பரில் அபராதமும் சேர்த்து மறுபடி ஆணையிட்டது. ஆணை போடப் போட ஆற்றின் ஆழம் குறைந்ததே ஒழிய, குழாயின் ஓட்டை குறையவில்லை என்கிறார்கள் வலைஞர்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளக்கு எரியாத குடிசைகளின் துன்பம் நாம் அறியாததல்ல. நாம் கேட்பதெல்லாம், புதிய நிலையத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது பாய்லரின் விலைக்கு முன்னால் சாம்பலின் வழியைக் கேளுங்கள் என்பதுதான். ஒரு குழாய் அடைத்தால் மாற்றுக் குழாய் உண்டா? உலர்சாம்பலைச் சேமிக்கும் கிடங்கு எத்தனை நாளுக்குத் தாங்கும்? கட்டிபட்டால் எந்த அளவில் உலையை நிறுத்துவது, அந்த உத்தரவைத் தருகிற அதிகாரம் அங்கே நிற்கிற ஷிப்டு பொறியாளருக்கு உண்டா, அல்லது தலைநகரத்துத் தொலைபேசிக்குக் காத்திருக்க வேண்டுமா? இவற்றுக்கெல்லாம் பதில் எழுதிய ஏட்டைத் தமிழில் அச்சிட்டு, நிலையம் வரப்போகிற ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்தில் வையுங்கள். செப்பாக்கத்துக்காரரும் காட்டுக்குப்பத்து மீனவரும் அதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். அதற்குப் பிறகு அடிக்கல் நாட்ட வாருங்கள்.