மேரி ராய் தீர்ப்பு குமரிக்கும்தான்

மேரி ராய் வழக்கு கேரளத்துச் சமாச்சாரமாம். குமரிக் கிறிஸ்தவர்களுக்கு அதில் என்ன என்று கேட்கிறார் நண்பர். குமரி தமிழகத்தோடு இணைந்த 1956-ல் மாறியது எல்லை மட்டும்தான். திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் வழக்கில் இருந்தது. மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுவே மகளுக்கு. தோப்பு விலை ஏறும். அந்த ஐயாயிரம் ஏறாது! குமரிக்கு இந்திய வாரிசுச் சட்டமே என்றார் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி. இருவர் அமர்வு மறுத்தது. 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அமர்வின் கருத்தைத் தள்ளி, 1951 ஏப்ரல் 1 முதலே பழைய சட்டம் போயிற்று என்றது.

'சீதனம் கொடுத்தாயிற்றே' என்பாரானால், இந்திய வாரிசுச் சட்டத்தின் 49ஆம் பிரிவைப் படிக்கட்டும்: உயில் எழுதாமல் இறந்தவர் வாழ்நாளில் பிள்ளைக்கு முன்கூட்டிக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது.