ஒரு வருட நட்சத்திரங்களும் நான்கு வருட மாணவர்களும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுத நம் கல்லூரியில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் கூடைப்பந்தைப் பற்றி, அதிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். "உனக்கும் அமெரிக்காவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சொல்கிறேன்.

அங்கே கல்லூரிக் கூடைப்பந்து என்பது நம்ம ஊர் மண்டலப் போட்டி மாதிரி, பி.டி. சாரும் பத்துப் பையன்களும் வேடிக்கை பார்க்கிற விஷயமில்லை. மார்ச் மாதம் என்.சி.ஏ.ஏ. போட்டி வந்துவிட்டால் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும். 68 அணிகள். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தக் கல்லூரி அணிகளிலிருந்துதான் என்.பி.ஏ. என்ற தொழில்முறைப் போட்டிக்குப் பெரும்பாலான இளைஞர்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அப்படி வருடந்தோறும் எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர்.

முன்பெல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு என்.பி.ஏ.வுக்குப் போகலாம். 1995ல் கெவின் கார்னெட் போனார், 1996ல் கோபி பிரையன்ட் போனார், 2003ல் லெப்ரான் ஜேம்ஸ் போனார். 2005ல் ஒரு ஒப்பந்தம் போட்டு இந்தக் கதவைச் சாத்தினார்கள். அமெரிக்கப் பையன் என்றால் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமும் கழிந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்டிலிருந்து இதுதான் சட்டம். விளைவு என்ன? மகா கெட்டிக்காரப் பையன்களுக்குக் கல்லூரி என்பது ஒரு வருடம் உட்கார்ந்து விட்டுப் போகிற திண்ணை ஆகிவிட்டது. வருவார்கள், ஒரு சீசன் ஆடுவார்கள், போய்விடுவார்கள். இதை அங்கே 'ஒன் அண்ட் டன்' என்று சொல்கிறார்கள்.

இங்கேதான் பயிற்சியாளருக்குத் தலைவலி ஆரம்பம். பழுத்த பழத்தை விலைக்கு வாங்கி வருவதா? செடி நட்டுத் தண்ணீர் ஊற்றுவதா?

பழம் வாங்குவதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர் ஜான் கலிபாரி. 2009 முதல் 2024 வரை கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 2012ல் அவருடைய அணி கேன்ஸஸ் அணியை 67-59 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. தொடக்க ஐவரில் மூன்று பேர் முதலாம் ஆண்டு, இரண்டு பேர் இரண்டாம் ஆண்டு. அந்த வருடம் டிராஃப்டில் முதல் பெயர் ஆன்டனி டேவிஸ், இரண்டாவது பெயர் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட். இரண்டு பேருமே கென்டக்கி, இரண்டு பேருமே முதலாம் ஆண்டு! மொத்தம் ஆறு பேரை என்.பி.ஏ. அள்ளிக்கொண்டு போனது. அடுத்த சீசனில் அதே கென்டக்கிக்கு என்.சி.ஏ.ஏ. போட்டியில் இடமே கிடைக்கவில்லை. இரண்டாம்தரப் போட்டிக்குப் போய் முதல் ஆட்டத்திலேயே ராபர்ட் மோரிஸ் என்ற சிறிய கல்லூரியிடம் தோற்றுத் திரும்பினார்கள். கோப்பை ஒரு வருடம், சாம்பல் மறு வருடம்.

2015ல் இன்னும் பெரிய கதை. கென்டக்கி 38 ஆட்டம் ஆடி 38ம் ஜெயித்து வந்தது. அரையிறுதியில் விஸ்கான்ஸின் அணி 71-64 என்று நிறுத்தியது. நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் கமின்ஸ்கி. நான்காம் ஆண்டு மாணவர். அவர் முதலாம் ஆண்டில் எடுத்த சராசரி 1.8 புள்ளி. நாலாம் ஆண்டில் 18.8. அந்த வருடம் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரரும் அவர்தான். 1.8 எடுத்தபோது அந்தக் கல்லூரி அவரை மூலையில் போட்டிருந்தால்? எண்ணிப் பாருங்கள் நண்பர்களே!

"அப்போ நட்சத்திரமே வேண்டாங்கிறியா?" என்று அவசரப்படாதீர்கள். கமின்ஸ்கியின் விஸ்கான்ஸின் இறுதியாட்டத்தில் டியூக்கிடம் 68-63 என்று தோற்றது. டியூக்குக்கு ஜெயித்துக் கொடுத்தது டையஸ் ஜோன்ஸ், கிரேசன் ஆலன் போன்ற முதலாம் ஆண்டுப் பையன்கள். ஆகவே நட்சத்திரங்களை வைத்துக் கோப்பை ஜெயிக்க முடியும் என்பது உண்மை. என் கேள்வி வேறு. கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்டு, வந்தபோதே தெரிந்தவனை மட்டும் ஆட வைத்தால், அங்கே நாம் கற்றுக்கொடுத்தது என்ன?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். களத்தில் ஒரு அணிக்கு ஐந்து பேர். ஆட்டம் 40 நிமிடம். ஆக ஒரு பயிற்சியாளரின் கையில் இருப்பது 200 நிமிடம். ஐந்து நட்சத்திரங்களை ஆளுக்கு 34 நிமிடம் ஆட வைத்தால் 170 போயிற்று. மீதி 30 நிமிடத்தை மற்றவர்கள் எல்லாம் பங்கு போட வேண்டும். அங்கே ஆண்கள் அணிக்கு 13 உதவித்தொகை இடங்கள்தான் பல வருடமாக இருந்தன. எட்டுப் பேருக்கு முப்பது நிமிடம்! லேத் மெஷினைத் தொடாமல் கரும்பலகையில் படம் பார்த்தே டர்னிங் கற்றுக்கொள்ள முடியுமா? பெஞ்சில் உட்கார்ந்தே பந்து விளையாடக் கற்றுக்கொள்வதும் அப்படித்தான்.

இதற்கு அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'ரெட்ஷர்ட்' என்று பெயர். பையன் அணியோடு முழு வருடமும் பயிற்சி செய்வான், சாப்பிடுவான், எடை தூக்குவான், ஆனால் போட்டியில் இறங்க மாட்டான். அந்த வருடம் அவன் ஆடக்கூடிய நான்கு சீசன்களில் கழியாது. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் ஜே ரைட் என்ற பயிற்சியாளர் மிக்கல் பிரிட்ஜஸை 2014-15ல் இப்படித்தான் வைத்திருந்தார். பிறகு 2016லும் 2018லும் வில்லனோவா கோப்பை வென்றது, இரண்டு அணியிலும் அவர் இருந்தார். 2018 டிராஃப்டில் 10வது இடத்தில் எடுக்கப்பட்டார். வர்ஜீனியா அணியின் டிஆண்ட்ரே ஹன்டரும் முதல் வருடம் ஆடாமல் பழகியவர்தான். 2019 இறுதியாட்டத்தில் 27 புள்ளி எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். அதற்கு முந்திய வருடம்தான் அதே வர்ஜீனியா, முதல் தரவரிசை அணியாக இருந்தும், 16ம் தரவரிசை அணியிடம் 74-54 என்று தோற்று ஊரே சிரித்தது. ஆண்கள் போட்டியில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அணியைக் கலைக்காமல் பொறுத்திருந்தார்கள், பலித்தது.

ஒரு காலத்தில் இந்தப் பொறுமை சட்டமாகவே இருந்தது. 1972 வரைக்கும் அங்கே முதலாம் ஆண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடவே முடியாது. யார் வந்தாலும் ஒரு வருடம் தனி அணிதான். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று உலகம் அறிந்த லூ அல்சிண்டர் 1965ல் யு.சி.எல்.ஏ.யில் சேர்ந்தபோது, அந்த முதலாண்டு அணி, அப்போதைய சாம்பியனான தன் சொந்தக் கல்லூரியின் முதன்மை அணியையே 75-60 என்று தோற்கடித்தது! அப்படியும் அவர் அந்த வருடம் வெளியே நின்றார். இது எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆடத் தெரிந்தவனைக் கட்டிப் போடுவதும் அநியாயம்தான்.

இந்த இடத்தில் என் வீட்டைப் பற்றி இரண்டு வரி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அம்மா களை எடுக்கப் போகிறார். அதனால் "அந்தப் பையன் பணத்துக்கு ஆசைப்பட்டுப் படிப்பை விட்டுட்டுப் போயிட்டான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. லெப்ரான் ஜேம்ஸ் ஏக்ரன் என்ற ஊரில் தாயார் ஒருத்தியின் உழைப்பில், வீடு விட்டு வீடு மாறி வளர்ந்தவர். என்.பி.ஏ. எடுத்தபோது அவருக்கு வயது 18. என் வயது! அந்த வயதில் அத்தனை பணம் கொடுத்து ஒருவன் கூப்பிட்டால், என் அம்மாவை நினைத்துக்கொண்டு நானும் போயிருப்பேன். போகிற பையன்மேல் குற்றம் இல்லை.

ஆனால் அதே வீட்டில் பிறந்ததால்தான் மற்ற பையனையும் என்னால் மறக்க முடியவில்லை. பதினேழு வயதில் 'இவன்தான் நம்பர் ஒன்' என்று பட்டியல் போடுகிறார்களே, அந்தப் பட்டியல் எதை அளக்கிறது? திறமையை அளக்கிறது, சரி. கூடவே யாருக்குச் சின்ன வயதிலேயே பந்து கிடைத்தது, நல்ல சாப்பாடு கிடைத்தது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. நான் படித்த பள்ளியில் கூடைப்பந்து போஸ்ட்டே கிடையாது. பந்தை முதலில் தொட்டது இந்தக் கல்லூரியில்தான். டிராயிங் ஹாலும் அப்படித்தான். 'பிளான்', 'எலிவேஷன்' என்பது மனசில் உட்காரவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆனது. சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆள் பொறுக்கியிருந்தால் என்னை யார் பொறுக்கியிருப்பார்கள்?

டொரண்டோ நகரத்து ஜாக் எடியைப் பாருங்கள். ஏழு அடி நாலு அங்குலம். பதினைந்து பதினாறு வயது வரைக்கும் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிக்கொண்டிருந்தவர். பள்ளி முடிக்கும்போது பட்டியலில் நானூறுக்கும் பின்னால் கிடந்தார். பர்டியூ பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. முதல் வருடச் சராசரி 8.7 புள்ளி, நான்காம் வருடம் 25.2. 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர். 2024 இறுதியாட்டத்தில் அவர் மட்டும் 37 புள்ளி எடுத்தார். அணி தோற்றது, அது வேறு விஷயம்.

தோற்கடித்த கனெக்டிகட் அணியைத்தான் நான் சரியான கலவை என்று சொல்வேன். ஸ்டெஃபான் காஸில் முதலாம் ஆண்டு நட்சத்திரம், அந்த ஒரு வருடத்தோடு கிளம்பிவிட்டார். டோனவன் கிளிங்கன் முதல் வருடம் மாற்று ஆட்டக்காரராக இருந்து, இரண்டாம் வருடம் தொடக்க ஐவரில் வந்தவர். டிரிஸ்டன் நியூட்டனும் கேம் ஸ்பென்சரும் வேறு கல்லூரிகளிலிருந்து வந்த மூத்தவர்கள். நட்சத்திரம் இருந்தது, ஆனால் பாரம் முழுக்க அதன் தலையில் இல்லை.

இப்போது கதை இன்னும் சிக்கலாகிவிட்டது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். ஒரு வருடம் சும்மா உட்காராமலே வேறு கல்லூரிக்கு மாறவும் செய்யலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருடத்துக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. உழைக்கிறவனுக்குக் கூலி வருகிறது, நல்லதுதான். ஆனால் வளர்த்துவிட்ட சின்னக் கல்லூரியின் கதி? 2022ல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சிறிய கல்லூரி, 15ம் தரவரிசையில் இருந்துகொண்டு கென்டக்கியையே 85-79 என்று வீழ்த்திக் காலிறுதி வரை போனது. ஊரெல்லாம் கைதட்டியது. சீசன் முடிந்ததும் பயிற்சியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனார், முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் ஆளுக்கு ஒரு திசையாகப் போனார்கள். நாற்று விட்டவன் ஒருத்தன், அறுத்தவன் வேறொருத்தன். இதையும் முழுக்கத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர நாமே விண்ணப்பம் வாங்கக் காத்திருக்கிறோமே!

சரி, சம்பந்தம் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். நம் அணியிலும் அதே 200 நிமிடம்தான். பள்ளியிலேயே ஆடிப் பழகி வந்த ஐந்து அண்ணன்கள் மூன்று வருடமும் ஆடினார்கள், நன்றாக ஆடினார்கள், ஷீல்டும் வாங்கித் தந்தார்கள். நாங்கள் தண்ணீர் பாட்டிலும் பையும் பார்த்துக்கொண்டோம். அவர்கள் படிப்பு முடித்துப் போன பிறகு, சென்ற ஆண்டு மண்டலப் போட்டியில் பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணிப் பக்கம் கொண்டுபோகக்கூட ஆள் இல்லை. முதல் சுற்றோடு பஸ் ஏறினோம். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லாருக்கும் இருக்கும்.

மே மாதத்தோடு நான் வெளியே போகிறேன், எனக்காகக் கேட்கவில்லை. பி.டி. சாருக்கும் அடுத்த பேரவைக்கும் மூன்று விண்ணப்பம். பன்னிரண்டு பேர் அணியில் இரண்டு இடத்தை, ஆடத் தெரியாவிட்டாலும், முதலாம் ஆண்டுக்கு ஒதுக்குங்கள். நட்பு ஆட்டங்களில் இரண்டாம் கால்பகுதியை அவர்களை வைத்தே ஆடுங்கள், பத்துப் புள்ளி பின்தங்கினாலும் பரவாயில்லை. புதுப் பையன்கள் சேரும்போது நோட்டீஸ் போர்டில் 'கூடைப்பந்து ஆடத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கவும்' என்று வருடா வருடம் ஒட்டுகிறோமே, அதில் 'தெரிந்தவர்கள்' என்பதை அடித்து 'விரும்புகிறவர்கள்' என்று போடுங்கள். கூடுதலாக இரண்டு பந்து வாங்கப் பேரவை நிதியில் இடம் இருக்கிறது என்று பொருளாளரே சொன்னார், கேட்டுக்கொள்ளுங்கள்.