போன தூண்களுக்கு ஒரு வரி

கம்போடியா போய்வந்து பத்து நாள் ஆகிறது. எழுபதைத் தாண்டியவன் பேரனோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு சுற்றியதைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். "இடிஞ்ச கோயிலைப் பார்க்க அவ்வளவு தூரமா சார்? நம்ம செஞ்சியிலயே இருக்கே" என்றார் டீக்கடையில் ஒரு நண்பர். வாஸ்தவம்தான்.

அங்கோர் வாட் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் மனதில் நிற்பது அதற்கு வடகிழக்கே உள்ள பந்தியாய் ஸ்ரெய் என்ற சின்ன சிவன் கோயில். 1923இல் ஆந்த்ரே மல்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் அதன் சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார். புனோம்பென்னில் பிடிபட்டார். வழக்கு நடந்தது, கற்கள் கோயிலுக்கே திரும்பின. பின்னால் அவரே தெகோல் அரசில் கலாசார மந்திரி! புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு மல்ரோ பெரிய எழுத்தாளர். இந்த வழக்கை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

நம் கதைக்கு வருகிறேன். 1750இல் புஸ்ஸியின் படை ஒரே ராத்திரியில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் வசம். கீழ்க்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயில் தூண்களை அவர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சித் தூண்கள்தான். அவற்றின் முன்னால் நின்று படம் எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் செஞ்சி என்று சொல்கிறார்கள்?

திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. இரண்டரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இனிப் பெயர்த்தால் கல்லுக்குத்தான் சேதம். புதுச்சேரிக்காரர்களுக்கும் அவை சொந்தமாகிவிட்டன. ஆனால் ஆபீசில் ஒரு நாற்காலி இடம் மாறினால்கூட ஸ்டாக் ரிஜிஸ்டரில் எங்கே போனது என்று எழுதுவோம். எழுதாவிட்டால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். கடற்கரையில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலத்தில் கண்ணில் படும்படி ஒரு பலகை. இங்கே கோயிலில் "இங்கிருந்த தூண்கள் அங்கே" என்று இன்னொன்று. பழைய பகையைக் கிளறுவதா என்பவர்களுக்கு, ரிஜிஸ்டரில் எழுதுவது பகை ஆகாது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் நம் கோட்டை ஒன்றுதான். இனி முதுகில் பையோடு பலர் இங்கே இறங்குவார்கள். அவர்களுக்கு முழுக் கணக்கும் தெரியட்டுமே.

மனுவைத் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் உள்ளூர் நண்பர்கள் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம்.